தண்ணீரை அல்ல, மீனைச் சோதியுங்கள்

கொடைக்கானல் நீர்நிலைகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். கொடைக்கானல் ஏரி மீனில் பாதரசம் இருக்கிறதா என்று கேட்டோம். "தண்ணீரில் பாதரசம் வரம்புக்குள் உள்ளது" என்று பதில் வந்திருக்கிறது. நாங்கள் கேட்டது மீனை.

இங்கிருந்த பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்டதும், 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியதும் உங்களுக்குத் தெரிந்தவை. மிஞ்சிய பாதரசம் வண்டலில் ஒட்டிக் கிடக்கும். காற்றுப் புகாத சேற்றில் பாக்டீரியா அதை, உடலில் எளிதில் சேரும் நச்சு வடிவமான மெத்தில் பாதரசமாக்கும். பிறகு புழு, சிறுமீன், பெரியமீன் என்று படிக்குப் படி செறிவு ஏறும்.

ஆர்க்டிக்கிலும் இதே கதைதான். பிற நாடுகளிலிருந்து காற்றோடு போய்ப் படிந்த பாதரசம், பனியாறும் உறைநிலமும் உருக உருகக் கடலில் இறங்குகிறது. அங்கே ஒரு லிட்டர் கடல்நீரில் ஒரு நானோகிராம்கூடத் தேறாது. ஆனால் ஆர்க்டிக்கை ஒட்டிய ஃபாரோ தீவுகளில், பைலட் திமிங்கில இறைச்சி வேண்டாம் என்று தலைமை மருத்துவ அதிகாரிகள் 2008-இல் சொன்னார்கள். அவர்கள் தண்ணீரோடு நின்றுவிடவில்லை. இறைச்சியையும், தாய்மாரின் முடியையும், தொப்புள்கொடி ரத்தத்தையும் பார்த்தார்கள்.

இங்கே ஒரு கர்ப்பிணி "இந்தக் கெண்டையைச் சாப்பிடலாமா?" என்று கேட்டால் சொல்ல யாரிடமும் பதில் இல்லை. மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவின் மூளையைத் தொடும். அது தசைப் புரதத்தில் பிணைந்திருப்பதால் தோலுரித்தாலும், மஞ்சள் போட்டு அலசினாலும், பொரித்தாலும் போகாது. சேற்றைக் கிளறித் தின்னும் மீன் கெண்டை என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே மீனைச் சோதியுங்கள். ஒவ்வொரு வகையிலும் சிறிதும் பெரிதுமாகப் பத்து மீன் எடுத்து, நீளமும் எடையும் குறித்து, தோலில்லாத முதுகுத் தசையை மைனஸ் 20 டிகிரியில் உறைய வையுங்கள். அடுப்பில் காயவைத்தால் பாதரசம் ஆவியாகிப்போய் அளவு குறைத்துக் காட்டும். முடிவு ஈர எடைக்கா (தசை இருந்தபடியே), உலர் எடைக்கா (நீரை நீக்கியபின்) என்று எழுதுங்கள். இரண்டுக்கும் நாலைந்து மடங்கு வித்தியாசம் வரும். உணவுத் தர வரம்பான கிலோவுக்கு 0.5 மி.கி. ஈர எடைக்கானது. தண்ணீரையும் அமிலம் சேர்க்காமல் சாதாரண பிளாஸ்டிக் பாட்டிலில் எடுத்தால், பாதரசம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு குறைத்துக் காட்டும். உங்கள் மாதிரி எப்படி எடுக்கப்பட்டது என்று பதிலில் ஒரு வரிகூட இல்லை.

தூர்வாரும் பேச்சும் அடிபடுகிறது. வண்டலைச் சோதிக்காமல் இயந்திரம் இறக்கினால், அடியில் கிடப்பது மறுபடி நீரில் கலக்கும். அள்ளிய சேறு யாருடைய தோட்டத்துக்கோ உரமாகப் போகும். ஆலைச் சரிவின் நீர் சேரும் பாம்பாறு கும்பக்கரை வழியாகப் பெரியகுளம் பக்கம் இறங்குகிறது என்பது ஆலைக்குச் சோலையோரம் இடம் கொடுத்த நாளிலேயே தெரிந்ததுதானே? கால் நூற்றாண்டாகியும் விலை கொடுப்பது மலைக்காரர்களும் அடிவாரத்துக்காரர்களுமே.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். தயவுசெய்து, தூர்வாருவதற்கு முன்பே மீனையும் வண்டலையும் சோதித்து, முடிவைத் தமிழில் எழுதி மீன் விற்கும் இடத்தில் ஒட்டச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஏரி மீன் வாங்கிச் சமைக்கும் குடும்பங்களுக்காக