எனோலா கே பக்கத்தில் தீவுகளுக்கும் ஒரு பலகை வையுங்கள்

ஸ்மித்சோனியன் தேசிய விமான, விண்வெளி அருங்காட்சியக நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்ட எனோலா கே விமானம், வர்ஜீனியாவில் டல்லஸ் விமான நிலையத்தை ஒட்டிய உங்கள் காட்சிக்கூடத்தில் பளபளவென்று நிற்கிறது. மேல்நடைபாதையில் நின்றால் அதன் முன்பக்கக் கண்ணாடிக்குள்ளேயே எட்டிப் பார்க்கலாம். 2003-இல் அதற்கு நீங்கள் எழுதி வைத்த குறிப்பில் பி-29 என்ற அந்த ரகக் குண்டுவீச்சு விமானம் எவ்வளவு நவீனமானது என்ற விவரமெல்லாம் உண்டு. ஹிரோஷிமாவுக்கு ஒரு வரி. கீழே எத்தனை பேர் செத்தார்கள், விமானம் கிளம்பிய தீவு எப்படிக் கைக்கு வந்தது என்பதெல்லாம் இல்லை.

காரணம் உங்களுக்கே தெரியும். 1995 கண்காட்சிக்கான வரைவில் ஹிரோஷிமாவின் துயரம் அதிகம், பசிபிக் தீவுச் சண்டைகளில் செத்த எங்கள் ஆட்கள் குறைவு என்று முன்னாள் படைவீரர்கள் கொதித்தார்கள். ஜப்பான் மீது படையெடுத்திருந்தால் ஆகும் இழப்பை 63,000 என்று குறைத்து எழுதப்போக, சண்டை முற்றியது. கண்காட்சி ரத்தானது, இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் பதவி விலகினார். ஒரு தரப்பு தீவுகளைக் கேட்டது, மறு தரப்பு ஹிரோஷிமாவைக் கேட்டது. நீங்கள் இரண்டையும் விட்டுவிட்டு விமானத்தை மட்டும் வைத்துக்கொண்டீர்கள்.

படைவீரர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. 1944 கோடையில் முதலில் ஜப்பான் கையிலிருந்த சைப்பான் தீவு விழுந்தது. அமெரிக்கர் கையில் சிக்கினால் சித்திரவதைதான் என்று ஜப்பான் ராணுவம் சொல்லிவைத்திருந்ததால், ஜப்பானியக் குடும்பங்கள் குழந்தைகளோடு மார்பி முனைப் பாறைகளிலிருந்து குதித்தன. அடுத்தது டினியன், எனோலா கே கிளம்பிய தீவு. பிடித்த கையோடு அங்கே 8,500 அடி நீளத்தில் நான்கு ஓடுபாதைகள் போட்டார்கள். சாலைகளுக்கு பிராட்வே, 42-ஆம் தெரு என்று மன்ஹாட்டன் பெயர்களைச் சூட்டினார்கள். அணுகுண்டு விமானத்தின் அடியில் நுழையாத அளவுக்குப் பெரிது. அதனால் தரையில் குழி வெட்டிக் குண்டை இறக்கி, அதன் மேல் விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்தி ஏற்றினார்கள். அந்தக் குழிகள் இன்றும் இருக்கின்றன.

அப்புறம் இவோ ஜிமா. சுமார் 21,000 ஜப்பானிய வீரர்களில் சண்டையின்போது உயிரோடு பிடிபட்டவர்கள் 216 பேர். அமெரிக்கர் 6,800 பேர் மாண்டார்கள். ஒக்கினாவாவில் 12,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர் செத்தார்கள். படையில் பிடித்துப் போடப்பட்டவர்களையும் சேர்த்தால், ஒக்கினாவா மக்களே ஒரு லட்சத்துக்கும் மேல். ஜப்பானின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை இன்னொரு ஒக்கினாவா வேண்டாம் என்று படையெடுப்பைப் பற்றிப் பேசிய 1945 ஜூன் 18 கூட்டத்தில் அமெரிக்க அதிபர் ட்ரூமன் சொன்னது சும்மா இல்லை.

இதனால் குண்டு போட்டது சரியென்று ஆகிவிடாது. என் கணக்கில் ஆகவில்லை. அந்த வருடம் முடிவதற்குள் ஹிரோஷிமாவில் செத்தவர்கள் சுமார் 1,40,000 பேர், பெரும்பாலும் சாதாரண ஜனங்கள். நாகசாகிக்கு எந்தச் சமாதானமும் எனக்கு எடுபடவில்லை: மூன்றே நாள் இடைவெளி, அதுவும் சோவியத் படை மஞ்சூரியாவுக்குள் நுழைந்த அதே நாள். ஐந்து லட்சம் அமெரிக்க உயிர்கள் தப்பின என்று ட்ரூமன் பிற்பாடு எழுதினார். ஜூன் 18 கூட்டத்தில் தரைப்படைத் தலைமைத் தளபதி ஜார்ஜ் மார்ஷல் சொன்னதோ, ஜப்பானின் தெற்கிலுள்ள கியூஷு தீவில் முதல் 30 நாள் இழப்பு பிலிப்பைன்ஸின் லூசோனில் ஆன 31,000-ஐத் தாண்டாது என்பதுதான். அதுவும் காயம்பட்டவர்களையும் சேர்த்து.

இறப்பு எண்ணைப் போட்டால் போர் முழுவதும் செத்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும், ஒரு பலகையில் அது நடக்காது என்றீர்கள் 2003-இல். ஒக்கினாவாவின் மபுனியில் 1995 ஜூனில் திறந்த நினைவுச் சுவர்களில் நண்பர், எதிரி, படைவீரர், பொதுமக்கள் என்று பிரிக்காமல் 2,40,000-க்கும் அதிகமான பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். அதே ஜூனில்தான் நீங்கள் எனோலா கேயின் முன் உடற்பகுதியையும் வேறு சில பாகங்களையும் காட்சிக்கு வைத்தீர்கள்.

நான் கேட்பது ஒரே ஒரு பலகை. டினியன் வரைபடம், நான்கு தீவுகளிலும் இரு தரப்பு இறப்பு, ஜூன் 18 கூட்டக் குறிப்பின் ஒரு பக்கம், ஹிரோஷிமா, நாகசாகி எண்ணிக்கை. மதிப்பீடுகள் வேறுபட்டால் குறைந்தது, கூடியது இரண்டையும் போடுங்கள். மேல்நடைபாதைக் கைப்பிடியிலேயே பொருத்திவிடலாம், எல்லோரும் அங்கேதான் நிற்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகர்