சுதரி வானில் ஆடிய இறக்கை

அன்புள்ள ராமு,

உன் கடிதம் கிடைத்தது. மாணவர்களுக்கு விமானச் சட்டம் எடுக்கிறாய் என்பதில் மகிழ்ச்சி. அரசு விமானத்தைத் தெரிந்தே சுட்டு வீழ்த்தியதற்கு நம் பக்கத்திலிருந்து ஓர் உதாரணம் கேட்டிருந்தாய். குஜராத்தில் பாகிஸ்தான் எல்லையோரம் உள்ள கட்ச் வானத்தையே எடுத்துக்கொள். 34 வருட இடைவெளியில் அங்கே இரண்டு விமானங்கள் விழுந்தன. ஒன்றில் போனவர்கள் நம்மவர்கள், மற்றொன்றைச் சுட்டவர்கள் நம்மவர்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் பாடம் நியாயமாக இருக்காது.

முதலாவது 1965 செப்டம்பர் 19, இந்திய-பாகிஸ்தான் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பஞ்சாயத்து ராஜ் என்றதும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோமே, அதே பல்வந்த்ராய் மேத்தா அப்போது குஜராத் முதலமைச்சர். அகமதாபாத்திலிருந்து மித்தாபூருக்கு இரட்டை எஞ்சின் பீச்கிராஃப்டில் புறப்பட்டார். அவர் மனைவி, உதவியாளர்கள் மூவர், பத்திரிகையாளர் ஒருவர், விமானிகள் இருவர் என மொத்தம் எட்டுப் பேர். தலைமை விமானி ஜஹாங்கிர் எஞ்சினியர், விமானப்படையில் பணியாற்றி அனுபவப்பட்டவர். விமானம் கட்சில் சுதரி கிராமத்தருகே விழுந்தது. யாரும் பிழைக்கவில்லை. நாலே நாளில் போர்நிறுத்தம் வந்தது.

சுட்டவர் பாகிஸ்தான் விமானப்படையின் கைஸ் ஹுசைன். அவருடையது எஃப்-86 சேபர் போர் ஜெட். பாகிஸ்தானின் பதீன் ரேடாரில் எல்லையோரம் ஒரு புள்ளி தெரிந்ததும் கராச்சிப் பக்கத்து மவுரிப்பூரிலிருந்து அவரை மேலே அனுப்பினார்கள். முதலில் 20,000 அடி, பிறகு 3,000 அடிக்கு இறங்கச் சொல்லி உத்தரவு. இதையெல்லாம் 2011இல் அவரே எழுதினார், இறந்த விமானியின் மகளுக்கு அனுப்பிய கடிதத்தில். அவர் கண்டவுடன் சுடவில்லை. விமானத்தின் உடம்பில் எழுதியிருந்த எழுத்துகளைப் படிக்கும் அளவுக்கு அருகில் போனார். 'வி.டி.' என்று தொடங்கினால் இந்தியப் பதிவு, சிவில் விமானம். அதைக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னார். பீச்கிராஃப்ட் அவரைப் பார்த்துவிட்டு மேலேறியது, இறக்கைகளை இடமும் வலமும் ஆட்டியது. சில நிமிடங்கள் கழித்து வந்த பதில், சுடு என்பது. முதல் குண்டுச் சரத்தில் இடது இறக்கை சிதறியது, அடுத்ததில் வலது எஞ்சின் தீப்பிடித்தது.

மாணவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அடையாளம் காண்பதில் பிழையே நடக்கவில்லை. பார்த்தவர் சரியாகப் பார்த்தார், சரியாகச் சொல்லவும் செய்தார். முடிவெடுத்தவரோ அந்த விமானத்தைப் பார்க்கவே இல்லை. அவர் முன்னால் இருந்தது ரேடார் திரையும், இந்தியா கட்சில் இன்னொரு போர்முனை திறக்க உளவு பார்க்கிறதோ என்ற சந்தேகமும்தான். எட்டுப் பேர் அந்த இடைவெளியில்தான் செத்தார்கள். வானில் போனவனை மட்டும் திட்டிவிட்டு வகுப்பை முடித்துவிடாதே.

அடுத்து, அந்த இறக்கை ஆட்டல். இன்றைய சர்வதேசச் சிவில் விமான விதிகளின் இரண்டாம் இணைப்பை எடுத்துக் கரும்பலகையில் வரைந்து காட்டு. இடைமறிக்க வரும் விமானம் பின்னாலிருந்து அணுக வேண்டும், தொடக்கத்தில் 300 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. பிறகு சற்று மேலே, முன்னால், வழக்கமாக இடப்பக்கம் நிலைகொண்டு இறக்கையை ஆட்ட வேண்டும். 'உன்னை இடைமறித்திருக்கிறேன், என் பின்னால் வா' என்பது அதற்குப் பொருள். மற்றவரும் இறக்கையை ஆட்டினால் 'புரிந்தது, வருகிறேன்' என்று அர்த்தம். மறிக்கப்பட்டவர் உடனே அவசர அலைவரிசையான 121.5 மெகாஹெர்ட்ஸில் கூப்பிட வேண்டும், வேறு உத்தரவு இல்லையென்றால் டிரான்ஸ்பாண்டரை, அதாவது ரேடாருக்கு அடையாளம் சொல்லும் கருவியை, 7700 என்ற அவசரக் குறியீட்டுக்கு மாற்ற வேண்டும். மறித்தவர் சக்கரத்தை இறக்கிக்கொண்டு ஓர் ஓடுதளத்துக்கு மேலே போனால் 'இங்கே இறங்கு'. சொன்னபடி செய்ய இயலாதவர் எல்லா விளக்குகளையும் சீரான இடைவெளியில் அணைத்து அணைத்துப் போடுவார். ஒழுங்கில்லாமல் மினுக்கினால் அவர் ஆபத்தில் இருக்கிறார்.

ஜெட்டுக்கும் சிறு விமானத்துக்கும் வேகம் ஒத்துவராது என்பதையும் விதி யோசித்திருக்கிறது. கூடவே மெதுவாகப் பறக்கப் பார்த்தால் ஜெட் தூக்குவிசையை இழந்துவிடும். ஆகவே ஓட்டப்பந்தயத் தடம் போல நீள்வட்டமாகச் சுற்றி வந்து, ஒவ்வொரு முறை கடக்கும்போதும் இறக்கையை ஆட்ட வேண்டும். சிறு விமானத்தில் இருப்பவருக்கு இது எப்படித் தெரியும் என்று பசங்களையே யோசிக்கச் சொல். ஒரு போர் விமானம் திரும்பத் திரும்பத் தன்மேல் பாய்வதாகத்தான் தோன்றும். அந்த நேரத்தில் சட்டென்று திரும்புவதும் கீழே பாய்வதும்தான் மிக மோசமான காரியம். மறித்தவன் கண்ணுக்கு அது தப்பி ஓட்டமாகத் தெரியும்.

இந்த அகராதிப்படி பார்த்தால் 1965இல் பீச்கிராஃப்ட் சொன்னது 'வருகிறேன்' என்பதற்கான சைகை. வா என்று முன்னால் போய்க் கூப்பிட்டவர் யாருமில்லை. கைஸ் அதைக் கருணை கேட்பதாகப் புரிந்துகொண்டார். புரிந்தும் அவர் கையில் இருந்த உத்தரவு வேறு. எனக்கு மனது ஆறாத இடம் இது.

இரண்டாவது 1999 ஆகஸ்ட் 10, கார்கில் போர் முடிந்த கையோடு. பாகிஸ்தான் கடற்படையின் அட்லாண்டிக் ரோந்து விமானம், 16 பேர். கட்சிலுள்ள நாலியா தளத்திலிருந்து ஏறிய நம் மிக்-21 போர் விமானங்களில் ஒன்று ஆர்-60 ஏவுகணையைச் செலுத்தியது. அது வெப்பத்தைத் தேடிப் போகும் ரகம், எஞ்சினில் போய் அடித்தது. 16 பேரும் இறந்தார்கள். எல்லை தாண்டியது என்றது இந்தியா, எங்கள் வானில் ஆயுதமில்லாத பயிற்சி என்றது பாகிஸ்தான். பெரும்பாலான சிதைவு பாகிஸ்தான் பக்கம் கிடந்தது.

சிதைவு கிடந்த இடமே சுடப்பட்ட இடம் என்று மாணவர் சொன்னால் ஒரு சின்னக் கணக்குப் போடு. மணிக்கு 360 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 100 மீட்டர். அடிபட்ட பிறகு ஒரே நிமிடம் பறந்தாலும் 6 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். அதே கணக்கை 1991 ஏப்ரல் 6 இந்திய-பாகிஸ்தான் ஒப்பந்தத்துக்கும் போடு. போர் விமானங்களும் உளவு விமானங்களும் மறு நாட்டு வான்வெளிக்கு 10 கிலோமீட்டருக்குள் வரக் கூடாது என்கிறது அது. பத்து கிலோமீட்டர் என்பது நூறே விநாடி. கட்டுப்பாட்டாளர் தொலைபேசியை எடுத்து மேலதிகாரியிடம் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் போய்விடும். ஆயுதமில்லாத சரக்கு விமானம் 1,000 மீட்டர் வரை வரலாம். அட்லாண்டிக் போன்ற கடல் ரோந்து விமானம் இதில் எந்த வகையில் சேரும்? சண்டையே அதில்தான். ஆனால் தவறி மீறினால் என்ன செய்வது என்று அந்த ஒப்பந்தமே சொல்கிறது: உடனே விசாரித்து, முடிவைத் தூதரக வழியாக மறு விமானப்படைத் தலைமையகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சுடலாம் என்று எங்கும் இல்லை. நம் நாடு செய்தது என்பதால் இதை மென்று விழுங்க எனக்கு மனமில்லை.

பாகிஸ்தான் சர்வதேச நீதிமன்றம் போனது. 2000 ஜூன் 21 அன்று 14க்கு 2 என்ற கணக்கில், விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. காமன்வெல்த் நாடுகளுக்கு இடையிலான வழக்குகளை ஏற்கமாட்டோம் என்று இந்தியா முன்பே நிபந்தனை வைத்திருந்தது. சரியா தவறா என்ற கேள்விக்குள் யாரும் நுழையவே இல்லை.

சட்டப் பாடத்துக்கு உனக்கு வேண்டிய முடிச்சு இதோ. 1983இல் கொரியப் பயணிகள் விமானம் 007 சுடப்பட்டு 269 பேர் இறந்த பிறகு, சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்துக்கு அடிப்படையான சிகாகோ ஒப்பந்தத்தில் '3 பிஸ்' என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 1984இல் ஏற்று, 1998இல்தான் அமலுக்கு வந்தது. பறக்கும் சிவில் விமானத்தின்மேல் ஆயுதம் கூடாது என்பது அது. ராணுவம், சுங்கம், காவல் சேவை விமானங்கள் மூன்றாம் பிரிவின்படி அரசு விமானங்கள், இந்தக் காப்பு அவற்றுக்கு இல்லை. அட்லாண்டிக் சந்தேகமில்லாமல் அந்த வகை. மேத்தாவின் விமானமோ முதலமைச்சரைச் சுமந்தாலும் வி.டி. பதிவோடு பறந்தது, செய்ததும் ராணுவ வேலை இல்லை. பயணி யார் என்பதை விட விமானம் என்ன வேலையில் இருக்கிறது என்பதே முக்கியம். என் கணக்கில் அது சிவில் விமானம்தான். நீ வேறு மாதிரி வாதிடுவாய், தெரியும். எழுது.

கைஸ் கடிதத்துக்கு அந்த மகள் எழுதிய பதிலையும் வகுப்பில் வாசித்துக் காட்டு. கசப்பில்லாமல் மன்னித்திருக்கிறார்.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்