கயலுக்கு, உன் டயட் சார்ட் பார்த்தேன்

அன்பு கயலுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தம்பியையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்தேன். கீழே "பாரும்மா, ஏஐயே சரின்னுதான் சொல்லுது" என்று எழுதியிருந்தாய். போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அது சரியென்று சொன்னது உண்மைதான். நீ என்ன கேட்டாய் என்பதையும் பார்த்தேன். முதலில் இட்லிக்கு எத்தனை கலோரி. அப்புறம் ராத்திரிச் சாப்பாட்டை விட்டால் என்ன ஆகும். அதற்கு "மருத்துவரைக் கேளுங்கள்" என்று ஒரு வரி போட்டது. நீ விடவில்லை. "நான் ஹெல்தியாத்தான் இருக்கேன், கொஞ்சம் சீக்கிரம் குறையணும்" என்று மாற்றிக் கேட்டதும், "அருமையான இலக்கு" என்று பாராட்டி ஒரு வாரத்துக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டது. அவ்வளவு நீளப் பேச்சில் பீரியட்ஸ் ஒழுங்காக வருகிறதா, முடி கொட்டுகிறதா, படியேறினால் தலை சுற்றுகிறதா என்று ஒரு கேள்வி கிடையாது. உன் எடையும் நீ சொன்னதுதான். கூட்டிச் சொன்னால் அதுவும் கூட்டித்தான் எடுத்துக்கொள்ளும்.

எனக்கு அந்த வசதி இல்லை, நான் டேப் பிடிக்கிறவள். வைகாசிக் கல்யாணத்துக்கு உனக்கு பிளவுஸ் அளவெடுத்தேன் இல்லையா? பழைய நோட்டைப் புரட்டினேன். பிளஸ் டூ படித்தபோது எடுத்த கைச் சுற்றளவைவிட இப்போது குறைவு. அக்னி வெயிலில் ஊரே வியர்த்துக் கொட்டுகிறது, நீ ஃபேனை நிறுத்தச் சொன்னாய். கையில் மெல்லிசாகப் பூனைமுடி முளைத்திருந்தது. டாக்டரம்மாவிடம் கேட்டேன். உடம்பில் கொழுப்பு ரொம்பக் கரைந்துபோனால் குளிர் தாங்க அப்படி முடி முளைக்கும் என்றார். அது அழகுக் குறிப்பில் சேராது கண்ணு, நோயின் அடையாளம்.

வண்ணாரப்பேட்டையில் மிஷின் போட்ட நாளிலிருந்து பெண்களின் உடம்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "முகூர்த்தத்துக்குள்ள இளைச்சிடுவேன்க்கா, டைட்டாவே தைங்க" என்று சொல்லாத கல்யாணப் பெண் கிடையாது. நான் தலையாட்டிவிட்டு, இரண்டு பக்கமும் உள்ளே துணி விட்டுத்தான் தைப்பேன். மறுவீடு முடிந்து வந்து பிரித்துவிடச் சொல்வார்கள். உடம்பு அப்படித்தான், ஏறும், இறங்கும். இப்போது புதுசாக ஒரு தொல்லை வந்திருக்கிறது. ஏஐ வரைந்த பிளவுஸ் படத்தைக் காட்டி இதேபோல் வேண்டும் என்கிறார்கள். உற்றுப் பார்த்தால் ஹூக் இல்லை, ஜிப் இல்லை, எந்த வழியாகக் கை நுழைப்பது என்றே தெரியவில்லை. அதைப் போட்டிருக்கிற பெண்ணின் இடுப்புக்குள் விலா எலும்பு இருக்க இடமில்லை. பிளவுஸைத் தைக்க முடியாது என்றால் ஒத்துக்கொள்கிறார்கள். அந்த இடுப்பும் கிடையாது என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். பத்து கிலோ குறைந்தால் எப்படி இருப்பேன் என்று நீ உன் போட்டோவைக் கொடுத்து வாங்கிய படமும் அந்த ரகம்தான்.

அமெரிக்காவில் நடந்த ஒன்றைத் தம்பி படித்துச் சொன்னான். உணவுக் கோளாறு, அதாவது சாப்பிடவே பயந்து உடம்பைக் கெடுத்துக்கொள்வது போன்ற நோய், உள்ளவர்களுக்காகவே அங்கே ஒரு தேசியச் சங்கம் இருக்கிறது, நீடா என்பார்கள். இருபது வருடத்துக்கு மேல் நடத்திய உதவித் தொலைபேசியை 2023இல் மூட முடிவெடுத்தார்கள். டெஸா என்று ஒரு சாட்பாட் மட்டும் மிஞ்சியது. அந்த நோயிலிருந்து மீண்ட ஒரு பெண் அதோடு பேசிப் பார்த்திருக்கிறாள். தினமும் எத்தனை கலோரி குறைக்க வேண்டும், தோலை மடித்து எப்படிக் கொழுப்பை அளப்பது என்று அது பாடம் எடுத்ததாம். அவள் வெளியே சொன்ன பிறகு, மே மாதக் கடைசியில் அதை எடுத்துவிட்டார்கள். அது சொன்ன எண் எதையும் நான் இங்கே எழுத மாட்டேன், உனக்கு எண்கள் ஏற்கெனவே போதும். ஒன்றைக் கவனி. அது சொன்னது ஜிம்மில் எவரும் சொல்லக்கூடிய சாதாரண யோசனை. சோற்றைப் பார்த்தாலே பயப்படுகிறவளுக்கு அதுவே விஷம். எதிரே இருப்பது யார் என்று தெரிந்தால்தானே வித்தியாசம் தெரியும்?

எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிற பழக்கமும் இந்த ஏஐகளுக்கு உண்டு. சாட்ஜிபிடி அளவுக்கு மீறி ஒத்து ஊதுகிறது என்று 2025 ஏப்ரலில் அதைச் செய்த கம்பெனியே ஒரு மாற்றத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆபீஸ் மெயில் எழுத நீ தாராளமாக வைத்துக்கொள், நான்கூட அதனிடம் ரசீது எழுதி வாங்குகிறேன். சாப்பாட்டையும் உடம்பையும் மட்டும் அதனிடம் கேட்காதே.

ராத்திரி ஒரு மணி வரைக்கும் பிரியாணி வீடியோ பார்க்கிறாய், மறுநாள் ரூமில் எல்லாருக்கும் சமைத்துப் போட்டுவிட்டு நீ தொடுவதில்லை என்று உன் ரூம்மேட் சொன்னாள். அவளைத் திட்டாதே, நான்தான் துருவிக் கேட்டேன். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் நல்ல ஆரோக்கியமான 36 ஆண்களுக்கு ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். அவர்களே ஒப்புக்கொண்டு வந்தவர்கள். கொஞ்ச நாளில் எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, சமையல் புத்தகம் சேர்ப்பது, எரிச்சல், குளிர், யாரோடும் பேசப் பிடிக்காமல் ஒதுங்குவது. உனக்கு வந்திருக்கிற கோபமும் அதில் சேர்த்திதான் என்று நினைக்கிறேன். உன் குணம் மாறிவிட்டது என்று அத்தை சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. பசி செய்கிற வேலை அது.

இனி செய்ய வேண்டியது. மனநல டாக்டர் என்றாலே இங்கே கீழ்ப்பாக்கம் என்று கிண்டல் செய்வார்கள், சின்ன வயதில் நீயும் தம்பியை அப்படித்தான் சீண்டுவாய். 1794லிருந்து இருக்கிற ஆஸ்பத்திரி அது, கிண்டலெல்லாம் நிறையப் பார்த்திருக்கும். உன்னை அங்கேதான் கூட்டிப்போகிறேன் என்று சொல்லவில்லை. புனேயிலேயே நல்ல டாக்டர் கிடைத்தால் அங்கேயே பார்க்கலாம். முதலில் ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்க வேண்டும், ஈசிஜி எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். இது இதயத்தைத் தொடுகிற நோய், வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. ரொம்ப நாள் சரியாகச் சாப்பிடாத உடம்பு என்பதால், திடீரென்று நிறையச் சாப்பிடுவதும் ஆபத்தாம். டாக்டர் சொல்கிறபடிதான் கூட்ட வேண்டும். அதனால் நான் முறுக்கு டப்பாவோடு வந்து நிற்பேன் என்று பயப்படாதே.

அதற்குள் ராத்திரியில் யாரிடமாவது பேசத் தோன்றினால் 14416ஐக் கூப்பிடு. டெலி மானஸ், அரசாங்கத்துடையது, இலவசம். தமிழிலும் பேசலாம், எடுப்பவர் மனிதர். என்னையும் எந்நேரமும் கூப்பிடலாம், எப்படியும் ராத்திரி பதினொன்றுவரை மிஷினில்தான் இருப்பேன்.

வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். தம்பி டிக்கெட் போட்டுவிட்டான், வெயிட்டிங் லிஸ்ட்தான், கன்ஃபர்ம் ஆகிவிடும் என்கிறான். திங்கள், செவ்வாய் இரண்டு நாள் லீவு சொல்லிவை. உன் பிஜியில் என்னைத் தங்கவிடுவார்களா என்று கேட்டுச் சொல், இல்லையென்றால் பக்கத்தில் லாட்ஜ் பார்க்கச் சொல்கிறேன்.

அம்மா