மடித்து வைத்த மஞ்சள் சட்டை: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புத் தங்கைக்கு,

நேற்று இரவு நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். சாமந்தி மஞ்சளில் முழுக்கைச் சட்டை, கழுத்து வரை பொத்தான் போட்டு, கண்ணாடி முன்னால் நிற்கிறாய். கீழே, "போட்டுப் பார்த்துட்டு கழட்டி மடிச்சு வெச்சுட்டேன் அக்கா, எங்க ஆபீசுக்கு இது சரிப்படாது" என்று எழுதியிருந்தாய். அந்த வரி ராத்திரி முழுக்க மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அதனால்தான் விடிந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் அலுவலகத்தைப் போன்ற இடத்தில்தான் நானும் இத்தனை வருஷம் கணக்குப் பார்த்தேன். கருநீலம், சாம்பல், கறுப்பு, மிஞ்சிப்போனால் வெளிர்நீலம். சேரும்போது கொடுத்த தாளில் "நேர்த்தியான உடை" என்று மட்டும்தான் இருந்தது. நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் முதல் வாரத்திலேயே எல்லோரையும் பார்த்து நானும் சாம்பலுக்கு மாறிவிட்டேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் மாறினேன்.

ஒன்பது வருஷம் கழித்து ஒரு நாள் கிளிப்பச்சையில் ஒரு மேல்சட்டை போட்டுக்கொண்டு போனேன். மதியத்துக்குள் நாலு பேர் கேட்டுவிட்டார்கள்: "என்ன, இன்னைக்கு ஏதாவது விசேஷமா?" "பிறந்த நாளா?" சாயங்காலம் என் மேலாளர் அழைத்து, "நல்லாத்தான் இருக்கு, ஆனா வாடிக்கையாளர் வர்ற நாள்ல வேண்டாமே" என்றார். அன்றைக்கு நான் கொடுத்த அறிக்கைக்காக மூன்று வாரம் உழைத்திருந்தேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்கு வந்து அந்தச் சட்டையை அலமாரியின் அடித்தட்டில் வைத்தவள், இரண்டு வருஷம் தொடவே இல்லை. அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது. அதே தவறை நீயும் செய்யக் கூடாது.

மறுபடி எடுத்துப் போட்டபோதுதான் ஒன்று புரிந்தது. அன்றைக்கு நாலு பேர் கேட்டார்கள் இல்லையா, இந்தத் தடவை வாராவாரம் போட்டேன், முதல் வாரம் இரண்டு பேர்தான் கேட்டார்கள். அதற்கடுத்த வாரம் ஒருவர். ஒரு மாதத்தில் யாரும் கேட்கவில்லை. "விசேஷமா?" என்று கேட்டவர்கள் யாருக்கும் என் மேல் கோபம் இல்லை. பழகிய ஒன்று மாறினால் கண் நிற்கும், வாய் கேட்கும், அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு தடவை போட்டால் அது விசேஷம். வாராவாரம் போட்டால் வெறும் சட்டை. அதனால் முதல் நாள் கேள்விக்கு நீ விளக்கம் சொல்ல வேண்டாம். "விசேஷம் ஒண்ணும் இல்லை, பிடிச்சிருந்துச்சு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்.

"அடிக்கிற நிறம் போட்டால் பொறுப்பில்லாதவள் என்று நினைப்பார்கள்" என்று போன மாதம் சொன்னாயே, அந்த எண்ணத்துக்கு அவ்வளவு வயதாகவில்லை. ஐரோப்பிய அரசவைகளில் ஆண்களே சிவப்பும் பச்சையும் பொன்சரிகையுமாகத்தான் உடுத்தினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில்தான் அவர்கள் அடர்நிறத்துக்கு மாறினார்கள். ஃப்ளூகல் என்ற உளவியலாளர் 1930இல் இதை ஆண்களின் "பெரும் துறவு" என்றே அழைத்தார். இன்றைய அலுவலக உடை அந்த அடர்நிறக் கோட்டிலிருந்து வந்தது. அதற்கு முன்னால் பளிச்சென்ற நிறம் என்றாலே அதிகாரம்தான். ரோமானியப் பேரரசர்களின் ஊதாச் சாயம் கடல் நத்தையிலிருந்து எடுத்தது. 12,000 நத்தைகளை உடைத்தால் ஒன்றரை கிராம்கூடத் தேறாது. 1856இல் பெர்கின் என்ற 18 வயதுப் பையன், மலேரியாவுக்கான குயினைன் மருந்தைச் செயற்கையாகச் செய்யப் போய், தற்செயலாக ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தான். அப்புறம்தான் பளிச்சென்ற நிறங்கள் மெல்ல மெல்ல எல்லோர் கைக்கும் வந்தன. அரசர்கள் மற்றவர்களுக்குத் தராமல் வைத்திருந்ததை நாம் "பொறுப்பில்லாத நிறம்" என்று ஒதுக்குகிறோம். ஏங்கெலா மெர்க்கலை நினைத்துப் பார். 2005 முதல் 2021 வரை ஜெர்மனியை ஆண்டவர். உலகத் தலைவர்களின் குழுப் படங்களில், கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவே அவர் மேல்கோட்டு சிவப்பாகவோ பச்சையாகவோ மஞ்சளாகவோ இருக்கும். அதனால் அவரை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்று. நீ எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். "நம்ம நிறத்துக்கு இது எடுக்காது" என்று சின்ன வயதிலிருந்து எனக்குச் சொன்னார்கள், உனக்கும் சொல்லியிருப்பார்கள். அது பொய், தங்கச்சி. உன் படத்தைப் பெரிதாக்கிப் பார். மஞ்சள், தாடையின் அடியில் லேசாகப் பட்டு முகத்துக்கு ஒரு வெளிச்சம் ஏற்றியிருக்கிறது. கறுத்த தோலில் மஞ்சளும் வாடாமல்லியும் ராமர் பச்சையும் தனித்துத் தெரியும், சாம்பல்தான் மங்கும். எடுக்காது என்று சொன்னவர்கள் நிறத்தைப் பார்க்கவில்லை, நம்மை ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.

சின்னதாக ஆரம்பி, ஒரு கைக்குட்டை, ஒரு கழுத்துத்துணி என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஓரமாக எட்டிப்பார்க்கிற நிறம் மன்னிப்புக் கேட்பது போல இருக்கும். சட்டை முழுக்க மஞ்சள் இருக்கட்டும். கீழே உன் பழைய கருநீலமே போதும். தையல் மட்டும் சரியாக இருக்க வேண்டும். தோள்பட்டைத் தையல் தோள் எலும்பின் முனையில் உட்காரட்டும். சாம்பலில் மறைந்துபோகிற சுருக்கம் மஞ்சளில் அப்பட்டமாகத் தெரியும், அதனால் இஸ்திரி போடாமல் போகாதே. பளபளக்கிற துணி வேண்டாம், பருத்தியே நல்லது. அதே மஞ்சள் மினுங்கும் துணியில் இரண்டு மடங்கு சத்தம் போடும். அலுவலகக் குழல்விளக்குக்கு அடியில் ஒரு தடவை நின்று பார். வெயிலில் சாமந்தியாக இருப்பது அங்கே கொஞ்சம் பச்சை தட்டிப் போகலாம். வீடியோ கூட்டம் இருந்தால் கேமராவிலும் முன்கூட்டியே பார்த்துக்கொள், அடர்ந்த சிவப்பின் சாயலை அது சில சமயம் முகத்தின் மேலும் படியவிடும்.

எல்லா நாளும் மஞ்சள் நாள் இல்லை. யாரையாவது வேலையை விட்டு அனுப்பும் கூட்டத்துக்கும், துக்கம் விசாரிக்கப் போகும்போதும் நான் சாம்பல்தான் போடுவேன். அது பயத்தால் இல்லை, எதிரில் இருப்பவருக்காக.

சட்டையைச் சாக்காக வைத்து யாராவது உன் உடம்பைப் பற்றிப் பேசினால், அது நிறத்தைப் பற்றிய பேச்சே இல்லை. சிரித்து மழுப்பாதே. தேதியும் அவர் சொன்ன வார்த்தையும் அன்றைக்கே எழுதி வை, எனக்கும் சொல்.

செவ்வாய்க்கிழமை போட்டுக்கொண்டு போ. திங்களன்று எல்லோரும் கடுகடுவென்று இருப்பார்கள். அப்புறம், புதுச் சட்டை என்பதால் முதல் இரண்டு தடவை பச்சைத் தண்ணீரில் தனியாகத் துவை. அந்த மஞ்சள் சாயம் போகும், உன் வெள்ளைச் சட்டைகளோடு போட்டுவிடாதே.

அன்புடன்,
அக்கா