தண்ணீர் எங்கே போகிறது என்று முதலில் பார், மகள்

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்ட பிறகுதான் கார் சூடாகி நின்ற விசயமே காதில் ஏறியது, அதுவரை கினிகத்தேனை ஏற்றத்தில் இருட்டில் தனியாக நின்றிருக்கிறாய் என்பதிலேயே மனம் நின்றுவிட்டது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. போனில் பேசினால் பாதியில் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். நீளமாக இருக்கும், முழுக்க வாசி.

சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடுகிற தேர்மோஸ்டாட் மாற்றியாயிற்று. போன மாதம் ரேடியேட்டரும் மாற்றியாயிற்று. இப்போது கராஜ் பாஸ் எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டைக் கழற்றச் சொல்கிறார், நீ காரை விற்றுவிடலாமா என்கிறாய். இவ்வளவுக்கும் ஒருவரும் கேட்காத கேள்வி, வாரத்துக்கு ஒரு லீட்டர் ஊற்றுகிறாயே, அது எங்கே போகிறது? கூலன்ட் பெற்றோல் மாதிரி எரிந்து தீர்கிற சாமான் இல்லை. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே சுற்றிச் சுற்றி வருகிற அதே தண்ணீர்தான், ஒழுங்கான வண்டியில் மாதக் கணக்கில் அளவு குறையாது. குறைகிறது என்றால் எங்கேயோ வழி இருக்கிறது. அந்த வழியைப் பிடிக்காமல் சாமான் மாற்றிக்கொண்டே போவது ஓட்டை வாளியை விட்டுவிட்டுக் கயிற்றை மாற்றுகிற கதை.

கொழும்பு டிராபிக்கில் சூடு காட்டுகிற முள் நடுவிலேயே நிற்கிறது, கித்துல்கலை தாண்டி ஏற ஆரம்பித்தால்தான் மேலே போகிறது என்றாய். அது நல்ல தகவல். நின்ற இடத்தில் சூடாகி, ஓடும்போது இறங்கினால் ஃபேனைப் பார்க்க வேண்டும். உனக்கு நேர்மாறு, அதனால் ஃபேன் வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். ஏற்றத்தில் எஞ்சின் முழுப் பாரம் இழுக்கிறது, சூடும் அழுத்தமும் கூடுகிறது, கீழே கசியாத இடம்கூட அப்போது கசியும். போதாததற்கு நம் உயரம் வேறு. கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கிற தண்ணீர் 1868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் எஞ்சினுக்குள் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று எண் அடித்திருக்கும், அதுதான் அது தாங்கும் அழுத்தம். ரப்பர் தேய்ந்த மூடி அதைப் பிடிக்காது. ரேடியேட்டர் மாற்றினார்களே, மூடி புதுசா பழசா என்று கேட்டாயா? இருக்கிறதிலேயே விலை குறைந்த சாமான் அது, முதலில் மாற்றியிருக்க வேண்டியதும் அதுதான்.

என் வலது கை முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறதே, சின்ன வயதில் நீ கேட்டபோது தேத்தண்ணி கொட்டிவிட்டது என்று சொன்னேன். பொய். தோட்டத்து லொறியில் உர மூட்டை ஏற்றிக்கொண்டு அதே கினிகத்தேனை வளைவில் சூடாகி நின்றேன். பெரிய டிரைவர் என்ற நினைப்பில், நனைந்த சாக்கை மூடியின் மேல் போட்டுத் திருகினேன். மூடி எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. சாக்கு ஒட்டிக்கொண்டது, அதை இழுத்தபோது தோலும் சேர்ந்து வந்தது. மூடி இருக்கும்வரை 100 பாகைக்கு மேலும் தண்ணீராகவே கிடப்பது, மூடியைத் திறந்த கணமே ஆவியாகிக் கிளம்பும். அதனால் அரை மணி, முக்கால் மணி நேரம் நில், ரேடியேட்டரின் மேல் பக்கத்து ரப்பர்க் குழாயை, அந்த மேல் ஹோஸை, வெறும் கையால் அமுக்கிப் பிடிக்க முடிகிற அளவு ஆறட்டும். அப்புறம், கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதே, ஹெட்டில் வெடிப்பு விழுந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது பலருக்குத் தெரியாது. மேலே போன முள் திடீரென்று தானாகக் கீழே வந்தால் சந்தோசப்படாதே. தண்ணீர் இறங்கி, சென்சார் வெறும் காற்றில் நின்றாலும் முள் அப்படித்தான் விழும். ஹீட்டரைப் போட்டுப் பார், குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே தண்ணீர் இல்லை என்று அர்த்தம், அங்கேயே ஓரம் கட்டி நிறுத்து. முள் லேசாக ஏறும்போதே ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழுசாகத் திறந்தால் கொஞ்சம் சூடு அந்த வழியாகவும் வெளியேறும், ஒரு நல்ல இடம் பார்த்து நிறுத்துகிற வரைக்கும் உதவும்.

ஹெட் விசயத்துக்கு வருகிறேன். புகைக்குழாயில் வெள்ளைப் புகை வந்தது, எண்ணெய் மூடிக்கு அடியில் பால் ஆடை மாதிரி இருந்தது, அதனால் ஹெட்டுக்கு அடியில் ஒழுகாமல் அடைத்து வைக்கிற கேஸ்கட் போய்விட்டது என்று பாஸ் சொன்னாராம். நீ கார் காட்டியது இங்கே ஹட்டனில், விடிகாலையில்! அந்தக் குளிரில் பஸ் நிலையத்தில் நிற்கிற எல்லா வண்டியும் வெள்ளைப் புகைதான் விடும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும், கால் மணி நேரம் ஓடிய பிறகும் விடாமல் புகைந்தால்தான் யோசிக்க வேண்டும். மூடிக்கு அடியில் வருகிற அந்த ஆடையும் குளிரூரில் குறுந்தூரம் ஓடுகிற வண்டிக்கு வருவதுதான். எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை, டிப் ஸ்டிக்கை, இழுத்துப் பார், அதிலும் எண்ணெய் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் பாஸ் சொன்னது சரி. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகினாலும், ரேடியேட்டர் வாயில் குமிழ் நிற்காமல் வந்தாலும் அவர் பக்கம்தான் நியாயம். இது ஒன்றும் இல்லாமல் ஹெட்டைக் கழற்ற விடாதே.

கழற்றுவதற்கு முன் பிரஷர் டெஸ்ட் பண்ணச் சொல். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடி இருக்கிற இடத்தில் ஒரு கை பம்பைப் பொருத்தி, மூடியில் இருக்கிற எண் அளவுக்கு அடித்து, 15 நிமிடம் விட்டுப் பார்ப்பார்கள். அந்தக் கை பம்பின் முள் இறங்கினால் எங்கேயோ ஒழுக்கு, டோர்ச் அடித்துத் தேட வேண்டியதுதான். முன் சீட்டில் கால் வைக்கிற இடத்துக் கார்பெட்டையும் தடவிப் பார், ஈரமாக, இனிப்பு வாசத்தோடு இருந்தால் ஹீட்டருக்குள் சூடான கூலன்ட் ஓடுகிற பாகம், ஹீட்டர் கோர், ஒழுகுகிறது.

ஆனால் எனக்குச் சந்தேகம் வேறு இடத்தில். தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது, காலையில் நீயும் அம்மாவும் எழும்புவதற்கு முன் போனட்டைத் திறந்து பார்த்தேன். இரவே காருக்கு அடியில் பிஸ்கட் பெட்டி அட்டையை விரித்து வைத்திருந்தேன், அதில் ஒரு சொட்டு இல்லை. டோர்ச்சை அடித்தால் தண்ணீரைச் சுற்றவிடுகிற வாட்டர் பம்பின் பெல்ட் சக்கரத்துக்குப் பின்னால், சின்னத் துளை ஒன்று இருக்கும், அதிலிருந்து கீழ்நோக்கி ஒரு விரல் நீளத்துக்கு வெளிறிய ரோசா நிறத்தில் உப்புப் பூத்த மாதிரி ஒரு கோடு. நீ ஊற்றுகிற சிவப்புக் கூலன்ட் காய்ந்தால் அப்படித்தான் இருக்கும். பம்பின் உள் சீல் தேய்ந்தால் தண்ணீர் வெளியே வரட்டும் என்றே வைத்த துளை அது. நின்றால் சொட்டாது, ஏற்றத்தில் அழுத்தம் கூடும்போது கசியும், கசிந்தது சூட்டில் காய்ந்துவிடும், அதனால்தான் தரையில் ஒன்றும் தெரியவில்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், பொடியாக உதிர்ந்தது.

அதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ அவசரத்தில் கிளம்பினாய், அம்மா வேறு சாப்பாட்டுப் பொதியைக் கொண்டு ஓடினாள், போனில் சொல்லலாம் என்று விட்டேன், அப்படியே மறந்தும் போனது. ரேடியேட்டருக்குக் கொடுத்த காசில் பாதி என் கணக்கு. அடுத்த தடவை வரும்போது அம்மாவுக்குத் தெரியாமல் வாங்கிக்கொள்.

பம்ப் மாற்றினால் கூலன்ட் நிரப்பும்போது பக்கத்தில் நில். காரின் மூக்கு மேடான பக்கம் இருக்க வேண்டும், ஹீட்டர் திறந்திருக்க வேண்டும், ஆறிய எஞ்சினில் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணி, குமிழ் வந்து அடங்கும்வரை ஊற்ற வேண்டும். உள்ளே காற்று மாட்டினால் புதுப் பம்பும் சூடாக்கும். தேர்மோஸ்டாட் வேண்டாம், கழற்றி எறியலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே, எஞ்சின் சூடு ஏறாமல் பெற்றோலைக் குடிக்கும். வழியில் ஓடைத் தண்ணீர் ஊற்றியதைச் சொல்லி எல்லாவற்றையும் வடித்துவிடச் சொல், உள்ளே துருப் பிடிக்கும்.

நாளைக் காலை வேலைக்குக் கிளம்புவதற்கு முன், எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல், மூடியைத் திறந்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து, பம்பையும் டிப் ஸ்டிக்கையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ஏழு மணிக்கு முன் அனுப்பினால் நல்லது, அதற்குப் பிறகு போன் அம்மா கையில்.

அப்பா
தலவாக்கலை