வடிவமைத்தவரின் நோக்கமா, எரிந்தவரின் உடம்பா? ஜெனீவா பேராளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜெனீவாவில் கூடி மரபுவழி ஆயுதங்கள் உடன்படிக்கையைப் பேசும் பேராளர்களுக்கு,

வணக்கம். அணுகுண்டு போன்றவை அல்லாத சாதாரணப் போர் ஆயுதங்களுக்கான அந்த உடன்படிக்கையில், உங்களுக்கு முன்பிருந்தவர்கள் 1980இல் எழுதிவைத்த, தீக்குண்டுகள் பற்றிய மூன்றாம் நெறிமுறையின் முதல் பிரிவுதான் இந்த மடலுக்குக் காரணம். பொருளுக்குத் தீ வைக்கவோ மனிதருக்குத் தீக்காயம் உண்டாக்கவோ ‘முதன்மையாக வடிவமைக்கப்பட்டது’ எதுவோ அதுதான் தீக்குண்டு என்கிறது அது. புகை போடவும் வெளிச்சம் காட்டவும் செய்த குண்டு போகிற போக்கில் ஆளை எரித்தால், கணக்கில் வராது.

சரி, வடிவமைப்பைப் பற்றியே பேசுவோம்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா செய்த எம்-69 தீக்குண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு பட்டை கொண்ட எஃகுக் குழாய். அரை மீட்டர் நீளம், மூன்று கிலோ கூடத் தேறாது. வாலில் தகட்டுக்குப் பதில் நீளமான துணிப் பட்டைகள். எதற்குத் துணி? வேகமாக விழுந்தால் ஜப்பானிய வீட்டின் கூரையோடு தரையையும் துளைத்துக்கொண்டு மண்ணில் புதைந்துவிடும். கூரையை மட்டும் உடைத்து, அறைக்குள் வந்து கிடக்க வேண்டும். சில நொடி சும்மா கிடக்கும். அப்புறம் கூழாக இறுகிய பெட்ரோலை எரிய எரியப் பக்கவாட்டில் முப்பது மீட்டர் வரை வீசும். பட்ட இடத்தில் அது ஒட்டிக்கொள்ளும். இப்படி 38 குழாய்கள் ஒரே கட்டாக வந்து, நடுவானில் பிரிந்து சிதறும்.

இதைச் சோதிக்க 1943இல் யூட்டா பாலைவனத்தின் டக்வே திடலில் ஜப்பானியத் தொழிலாளர் வீடுகளைக் கட்டினார்கள். ஜப்பானில் பல ஆண்டுகள் தொழில் செய்த கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்டே வரைந்து கொடுத்தார் (அந்த மனிதர் எந்த மனதோடு வரைந்தாரோ). அறைகளில் ததாமி பாய் வரை விரித்திருந்தது. எரிப்பார்கள், திரும்பக் கட்டுவார்கள், மறுபடி எரிப்பார்கள். குறி ஆயுதத் தொழிற்சாலை என்றால், அங்கே யார் பாய் விரிப்பார்கள்?

1945 மார்ச் 9 இரவு 279 அமெரிக்க விமானங்கள் டோக்கியோமீது 1,600 டன்னுக்கு மேல் தீக்குண்டுகளைக் கொட்டின. 41 சதுர கிலோமீட்டர் சாம்பலானது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் செத்தார்கள்.

எம்-69 உங்கள் வரையறையில் சுலபமாக மாட்டும், மறுக்கவில்லை. நழுவுவது வெண்பாஸ்பரஸ். 2004இல் ஈராக்கின் ஃபலூஜா நகரில் எதிரிகள்மீதே அதைப் பயன்படுத்தியதாக அமெரிக்க ராணுவம் மறு ஆண்டு ஒப்புக்கொண்டது. ஆனாலும் ‘அது புகைக்காகச் செய்தது’ என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. காற்றுப் பட்டாலே பற்றும் பொருள் அது. புண்ணில் துணுக்கு மிச்சமிருந்தால், கட்டைப் பிரிக்கிறபோது மறுபடி புகையும். பிரிக்கிற செவிலியரிடம் போய் முதன்மை நோக்கம், துணை நோக்கம் என்று விளக்க முடியுமா?

இன்னொன்று. மக்கள் நெருங்கி வாழும் இடத்தில் விமானத்திலிருந்து தீக்குண்டு போடக் கண்டிப்பான தடை. தரையிலிருந்து ஏவினால் சலுகை. ஏன் இந்த வித்தியாசம்?

ஆகவே வரையறையை நோக்கத்திலிருந்து விளைவுக்கு மாற்றுங்கள். வான், தரை என்ற பாகுபாட்டை எடுங்கள். எல்லா நாடும் தலையாட்டினால்தான் எதுவும் நகரும் என்பது உங்கள் வழக்கம், தெரியும். குறைந்தது இதைப் பேசவென்றே தனியாக ஓர் அமர்வு வையுங்கள். நெறிமுறையை ஏற்ற நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அந்த அமர்வை எங்கள் பேராளரே முதலில் கேட்டால், இங்கே சிலராவது கவனித்துக்கொண்டிருப்போம்.

இப்படிக்கு,
ஒரு இந்தியக் குடிமகன்