நான்கு நாடகங்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு இரண்டை நிறுத்தியது குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், நாடகக் குழு அலுவலகம்

பொருள்: கோடைகால நாடக வரிசையில் பாதியை நிறுத்தியதும், சீசன் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும்

மதிப்புக்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் குழுவின் சீசன் டிக்கெட் வாங்கியவர்களில் நானும் ஒருவர். இந்தக் கோடைக்கு நீங்கள் விற்றது இதுதான்: பத்து வாரங்கள், நான்கு நாடகங்கள், எட்டு நடிகர்கள். திங்கள் விடுமுறை. மற்ற ஆறு நாட்களிலும் நாடகங்கள் மாறி மாறி வரும். ஐந்தாவது வாரத்திலிருந்து நடப்பது வேறு. குடும்ப நாடகத்தையும் மாலுமியின் கதையையும் நிறுத்திவிட்டீர்கள். துப்பறியும் நாடகம் ஞாயிறு பகல் காட்சிக்குச் சுருங்கிவிட்டது. மீதி எல்லா நாளும் அந்த நகைச்சுவை நாடகம்தான். நான் பார்க்க வேண்டிய இரண்டு நாடகங்களின் டிக்கெட்டுகளை, என்னைக் கேட்காமலே, ஏற்கெனவே பார்த்துவிட்ட நகைச்சுவை நாடகத்துக்கு மாற்றி அனுப்பினீர்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டால், அடுத்த ஆண்டில் கழித்துக்கொள்ள ஒரு கூப்பன் தருவதாகச் சொல்கிறீர்கள். இரண்டையும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

எதைப் பற்றிப் புகார் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இது சிறிய குழு, சிறிய அரங்கு, அதுவும் கடலை ஒட்டி இருக்கிறது. ஈரக்காற்றில் மரச்சட்டங்கள் உப்பிக்கொண்டு செட்டில் இருக்கும் கதவு சில நாள் சரியாக மூடாது. உப்புக்காற்று பட்ட இணைப்புகள் துருப்பிடித்து ஒரு லைட் எரியாமல் போகும். பகல் காட்சியில் ஜன்னல் திரையின் ஓரத்தில் வெயில் கசிந்து, மேடையில் இருட்டாக இருக்க வேண்டிய இடம் இருட்டாக இருக்காது. காற்று பலமாக அடிக்கும் இரவுகளில் அலைச்சத்தம் வசனத்தின் மேல் ஏறிக்கொள்ளும். மெல்லிய எழுத்தொலிகள் பின்வரிசைக்கு வந்து சேராது. இதற்கெல்லாம் நான் ஒருநாளும் உங்களிடம் வந்து நின்றதில்லை. ஒருமுறை மின்சாரம் போனபோது நடிகர்கள் கைவிளக்குகளை வைத்துக்கொண்டு காட்சியை முடித்தார்கள். எழுந்து நின்று கைதட்டியவர்களில் நானும் இருந்தேன்.

ஆனால் நாடகங்கள் மாறி மாறி வருவது சின்ன விஷயம் இல்லை. இந்தச் சீசன் டிக்கெட்டை நான் வாங்கியதே அதற்காகத்தான். ஒரே நடிகரை அடுத்தடுத்த இரவுகளில் வேறு வேறு ஆளாகப் பார்ப்பது வேறு எங்கேயும் கிடைக்காத அனுபவம். குடும்ப நாடகத்தில் தாயாக வருகிறாரே, அந்த நடிகையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம். உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமலே மூன்று பிள்ளைகளையும் ஆட்டிவைக்கிறார். மறுநாள் துப்பறியும் நாடகத்தில் அதே நடிகைக்கு வேலைக்காரி வேடம், இரண்டே வசனம். தட்டை எடுத்து வருகிறார், வைக்கிறார், போகிறார். ஆனால் அந்த வீட்டில் யார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்பது அவர் தட்டை வைக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும். முந்தின இரவு அவரைத் தாயாகப் பார்த்திருந்தவர்களுக்கு அந்த இரண்டு நிமிடம் எவ்வளவு பெரிய விருந்து என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1898-ல் மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கிய ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் நெமிரோவிச் தான்சென்கோவும் இதைத் தங்கள் குழுவுக்கு ஒரு விதியாகவே வைத்திருந்தார்கள். இன்றைக்கு முதன்மை வேடம் போட்டவர் நாளைக்குக் கூட்டத்தில் ஒருவராக நிற்க வேண்டும், அங்கேயும் அவர் கலைஞராகவே நிற்க வேண்டும் என்பதுதான் அந்த விதி. உங்கள் நடிகர்கள் எட்டுப் பேரும் இந்த ஆண்டு அப்படித்தான் நின்றார்கள். அதை நீங்களே கலைத்துவிட்டீர்கள்.

மூத்த நடிகர் ஒருவர் இருக்கிறார். நகைச்சுவை நாடகத்தில் அவர் தபால்காரர். உள்ளே வந்து, கடிதத்தைக் கொடுத்து, கதவில் இடித்துக்கொண்டு போவார், அவ்வளவுதான். துப்பறியும் நாடகத்தில் வக்கீல். அதுவும் சின்ன வேடம். மாலுமியின் கதையில்தான் அவருக்கு முழு வேடம். முதல் மூன்று வாரங்களுக்குள் அதைப் பார்த்தவர்கள் ஊரெல்லாம் அதைப் பற்றிப் பேசினார்கள். அவசரப்படாமல், அவருக்கு அந்த வேடம் கொஞ்சம் பழகிய பிறகு பார்க்கலாம் என்று நான் ஏழாவது வாரத்துக்கு எடுத்திருந்தேன். தினமும் ஒரே நாடகத்தைப் போடுகிறவர்களுக்கு வேடம் பழகிப்போய்விடும். இரண்டு நாள் விட்டு ஒருமுறை போடுகிறவர்களுக்கு அது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் புதிதாகவே வரும். சீசன் முடியும்போது முதல் வாரத்தில் இல்லாத ஆழம் வந்திருக்கும். அந்த வளர்ச்சியைப் பார்க்கத்தான் கடைசி வாரங்களுக்கு டிக்கெட் எடுக்கிறோம். வசனம் முழுவதையும் பாடம் செய்து, ஒத்திகை பார்த்து, மேடையேற்றி, ஊர் பேசத் தொடங்கிய நேரத்தில் அவர் கையிலிருந்து அந்த வேடத்தைப் பிடுங்கிவிட்டீர்கள். அவரிடம் நான் பேசியதில்லை, அவர் சார்பாகப் பேச எனக்கு உரிமையும் இல்லை. பார்வையாளராக எனக்கு வருத்தமாக இருக்கிறது, அவ்வளவு சொல்லலாம்.

செய்தி வந்த விதமும் சரியில்லை. வியாழக்கிழமை நண்பகலில் மின்னஞ்சல் வந்தது. ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ அன்று மாலைக் காட்சி மாற்றப்படுகிறது என்று ஒரே வரி. டிக்கெட் கவுன்ட்டருக்குப் போன் செய்தேன். அங்கிருந்த இளைஞர் மரியாதையாகவே பேசினார்; அவர் மேல் எனக்குக் குறையில்லை. செட்டை வைக்க இடப் பிரச்சினை என்றார். அடுத்த வாரம் கேட்டபோது ஒரு நடிகருக்கு உடல்நலமில்லை என்று வேறொருவர் சொன்னார். எட்டுப் பேரையும் அன்றிரவே நகைச்சுவை நாடகத்தில் பார்த்தவர்கள் எனக்குத் தெரிந்து பலர். அப்புறம்தான் கடற்கரைச் சாலையில் ஒட்டியிருந்த சுவரொட்டி கண்ணில் பட்டது. ‘மக்களின் பேராதரவால் கூடுதல் காட்சிகள்’ என்று நகைச்சுவை நாடகத்துக்கு அச்சடித்து, தேதிகளையும் போட்டிருக்கிறீர்கள். எங்களிடம் விற்ற அதே தேதிகள். அந்தச் சுவரொட்டி முந்தின வார இறுதியிலிருந்தே அங்கே இருக்கிறது என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்கிறார்கள். அச்சகத்துக்குப் போக அதற்கும் முன்னாலேயே முடிவெடுத்திருப்பீர்கள். அப்படியானால், முன்பணம் கொடுத்தவர்களுக்கு மட்டும் ஏன் அன்றைய நண்பகல் வரை சொல்லவில்லை?

தினமும் நாடகத்தை மாற்றுவது எவ்வளவு வேலை என்பது எனக்கும் தெரியும். இரவுக் காட்சி முடிந்ததும் ஒரு செட்டைப் பிரித்து அடுத்ததை நிறுத்த வேண்டும், பொருட்களை மேசையில் வரிசைப்படுத்த வேண்டும், உடைகளை மாற்றி மாட்ட வேண்டும், லைட்டுகளைத் திருப்பி வைக்க வேண்டும். மேடைக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர்தான் இருக்கிறார்கள் என்றால் அவர்களுக்குத் தூக்கம் ஏது. உண்மையிலேயே இதுதான் சிக்கல் என்றால் எங்களிடம் சொல்லியிருக்கலாமே! நான்கு நாற்காலியும் ஒரு கறுப்புத் திரையும் போதும், செட் இல்லாமலே நடியுங்கள் என்று நாங்களே சொல்லியிருப்போம். கடலோர ஊரில் கோடை நாடகம் போடுகிறவர்களுக்கு இது புதிதும் இல்லை. 1916-ல் அமெரிக்காவின் பிராவின்ஸ்டவுனில் யூஜின் ஓநீலின் நாடகம் முதன்முதலாக மேடையேறியது மீன்பிடித் துறையில் இருந்த ஒரு பழைய கொட்டகையில்தான். கப்பலில் நடக்கும் கதை, தரைப்பலகைக்குக் கீழே நிஜக் கடல். அங்கே நடிகர்கள் இருந்தார்கள், வசனம் இருந்தது, வேலை நடந்தது. உங்கள் மாலுமியின் கதைக்கும் அது போதும்.

இனி பணத்தைப் பற்றி. சீசன் டிக்கெட் பணத்தை நீங்கள் கோடைக்குப் பல வாரங்களுக்கு முன்பே வாங்குகிறீர்கள். அப்போது அரங்கு பூட்டிக் கிடக்கும், கவுன்ட்டரில் வருமானம் கிடையாது. மரம் வாங்க, துணி வாங்க, ஒத்திகை நாட்களுக்குச் சம்பளம் கொடுக்க உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் இந்தப் பணம்தான். இதை நீங்களே உங்கள் வேண்டுகோள் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துத்தான் பலர் வாங்கினோம். ஆக, நான்கு நாடகங்களும் உருவாக நாங்கள் முன்னால் பணம் கொடுத்தோம். அவற்றில் அதிகம் சிரிக்க வைத்த ஒன்றை எடுத்து, விடுமுறைக்கு வந்துபோகிறவர்களுக்குத் தினமும் விற்கிறீர்கள். உள்ளூரில் இருக்கிற எங்களுக்கு அதையே திரும்பவும் பார்க்கச் சொல்கிறீர்கள். விடுமுறைக்கு வருகிறவர்களுக்கும் இதில் நஷ்டம்தான். ஒரு வாரம் தங்குகிற குடும்பம் முன்பு நான்கையும் பார்த்துவிட்டுப் போக முடிந்தது. நான்கு டிக்கெட் வாங்கவும் செய்தார்கள். இப்போது ஒன்று பார்த்ததும் அவர்களுக்கு உங்கள் அரங்கில் வேறு வேலை இல்லை. முன்னிரவில் கூட்டம் நிறைகிறது என்பதை வைத்து மட்டும் கணக்குப் போடாதீர்கள்.

உங்கள் கையேட்டின் முதல் பக்கத்தில் ஆனி ஹார்னிமன் 1908-ல் மான்செஸ்டர் கெயிட்டி அரங்கில் கொண்டுவந்த முறையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஒரு நிலையான நடிகர் குழு, விதவிதமான நாடகங்கள், ஒரே நாடகத்தை முடிவில்லாமல் ஓட்டாமல் இருப்பது என்று அதை நன்றாகவே விளக்கியிருக்கிறீர்கள். பிரிட்டனின் கடற்கரை ஊர்களில் வாரம் ஒரு நாடகம் என்று கோடை முழுக்க நடத்திய சின்னக் குழுக்களையும் பாராட்டியிருக்கிறீர்கள். இரவில் ஒன்றை நடித்துக்கொண்டே பகலில் அடுத்த வாரத்துக்கு ஒத்திகை பார்த்தவர்கள் அவர்கள். அந்த வழியில் வருகிறோம் என்று அச்சில் போட்டு எங்களிடம் விற்ற கையேடு இன்னும் உங்கள் கவுன்ட்டரில் இருக்கிறது. ஒரே நாடகத்தை நீளமாக ஓட்டும் முறைக்கு எதிராகத்தான் அவர்கள் அத்தனை பாடுபட்டார்கள். நீங்கள் ஐந்தாவது வாரத்தில் அந்த முறைக்கே போய்விட்டீர்கள்.

டிக்கெட்டின் பின்பக்கத்தில் ‘நிகழ்ச்சியில் மாற்றம் செய்யும் உரிமை குழுவுக்கு உண்டு’ என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. இதைத்தான் உங்கள் பதிலில் காட்டியிருக்கிறீர்கள். புயல் வந்தால், நடிகர் விழுந்துவிட்டால், மின்சாரம் இல்லாவிட்டால் அந்த வரி செல்லும். நானும் மறுபேச்சுப் பேச மாட்டேன். நன்றாக விற்கிற நாடகத்துக்கு இடம் கொடுப்பதற்காக மற்றதை எடுத்துவிடுவது நீங்கள் விரும்பிச் செய்த வியாபார முடிவு. அதன் லாபம் உங்களுக்கு என்றால் அதன் செலவும் உங்களுடையதுதான். கூப்பன் இதற்கு ஈடாகாது. கொடுத்த வாக்கை இந்த ஆண்டு நீங்கள் காப்பாற்றாதபோது, அடுத்த ஆண்டுக்கும் முன்பணத்தை உங்களிடமே விட்டுவைக்கச் சொல்வது நியாயமா?

நான் கேட்பவை இவை. நிறுத்திய இரண்டு நாடகங்களுக்கும் உரிய தொகையைப் பணமாகத் திருப்பித் தாருங்கள், கேட்கும் எல்லா சீசன் டிக்கெட்காரர்களுக்கும் அப்படியே செய்யுங்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்ற உண்மையான காரணத்தை எங்கள் எல்லாருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்ல வேண்டாம். மூன்றாவதாக நான் கேட்பதுதான் எனக்குப் பணத்தை விட முக்கியம். கடைசி இரண்டு வாரங்களில் குடும்ப நாடகத்துக்கும் மாலுமியின் கதைக்கும் சில இரவுகளாவது ஒதுக்குங்கள். செட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நடிகர்களுக்கு வசனம் மறந்திருக்காது. உடைகள் பின்னறையில்தான் தொங்குகின்றன. கூட்டம் குறைவான செவ்வாய், புதன் இரவுகளைக் கொடுத்தாலும் போதும். அப்படி அறிவித்தால் அந்த இரவுகளுக்கான பணத்தை நான் திருப்பிக் கேட்க மாட்டேன், இரண்டுக்கும் வந்து உட்கார்வேன்.

என் சீசன் டிக்கெட், உங்கள் முதல் அட்டவணை, வியாழக்கிழமை மின்னஞ்சல், சுவரொட்டியின் புகைப்படம் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். கடைசி இரண்டு வாரங்களின் அட்டவணையை அச்சுக்கு அனுப்பும் முன் முடிவெடுத்தால்தான் பயன் என்பதால், வரும் வெள்ளிக்கிழமைக்குள் எழுத்து வழியாகப் பதில் தாருங்கள். அதற்குள் பதில் வராவிட்டால் பணத்துக்காக நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பிடம் இதே ஆவணங்களுடன் முறையிடுவேன்.

இப்படிக்கு,
சீசன் டிக்கெட் பார்வையாளர்